மலை மூஞ்சூறு

இராக்காலத்தில் சுவரோரமாகக் கிறீச்சிட்டு ஓடி, துர்நாற்றத்தைப் பின்னால் விட்டுச் செல்லும் மூஞ்சூற்றை எலியின் உறவென்றே பெரும்பாலோர் கருதினாலும், அதன் வாயைத் திறந்து பார்த்த ஜந்து சாஸ்திரிகள் அதற்கு உடன்படுவதில்லை. எலிக்குக் கொறிக்கும் முன்பற்களுக்குப் பின்னால் வெற்றிடம் உண்டு. மூஞ்சூற்றுக்கோ, கொக்கியாய் வளைந்த முன்பல்லை அடுத்து, ஒற்றை முனை கொண்ட சிறு பற்கள் இடைவெளியின்றி நிற்கின்றன. மேல்தாடையில் பக்கத்துக்கு நான்காக இவை அமைந்திருப்பதும், நான்காவது மிகவும் சிறுத்திருப்பதும் சங்கஸ் என்னும் பேரினத்தின் லட்சணங்கள். நெருங்கிய சுற்றமான குரோசிடூராவுக்கு மூன்றுதான்.

இந்தச் சங்கஸ் குலத்து மலைவாசி ஒன்று இலங்கையில், நுவரெலியாவைச் சூழ்ந்த குளிர்ந்த உயர்நிலக் காடுகளில், மக்கிய சருகுகளுக்கிடையே நீண்ட மூக்கை நுழைத்துப் புழு பூச்சிகளைத் தேடித் தின்று ஜீவிக்கிறது. அந்தத் தீவிலேயே பிறந்து ராணுவ வைத்தியராக இருந்த எட்வர்ட் கெலார்ட், கறுத்த ரோமமுடைய இப்பிராணியை 1850-இல் மொண்டானஸ் என்ற பெயரில் வர்ணித்தார். மறு வருஷமே, தென்னிந்தியாவின் கருமூஞ்சூறு ஒன்றுக்குத் தாமஸ் ஹார்ஸ்ஃபீல்டு நைஜர் என்று பெயர் சூட்டினார். பின்வந்தோரில் சிலர் மொண்டானஸை வீட்டு மூஞ்சூற்றின் உபஜாதியாக்கினர்; வேறு சிலர், அதிலிருந்து பிரித்தபின், இந்தியக் கருமூஞ்சூற்றையும் அதனுடன் சேர்த்து, நீலகிரி முதல் நுவரெலியா வரை ஒரே ஜாதி என்று எழுதினர். ஈரம் மிகுந்த மலைகளில் பிராணிகளின் நிறம் கறுத்திருப்பது சாதாரணமாதலால், கறுப்பைக் கொண்டு உறவு கொண்டாடியது சற்று அவசரம் என்றே எனக்குத் தோன்றுகிறது. 2008-இல் சுயாமா மீகஸ்கும்புரவும் கிறிஸ்டோபர் ஷ்னைடரும் டி.என்.ஏ.வை ஒப்பிட்டு, இரண்டும் வெவ்வேறு ஜாதிகள் என்று காட்டினர்.

பாக் ஜலசந்தி ஆழமற்றதாயிற்றே, பனியுகங்களில் கடல் நூறு மீட்டருக்கும் மேல் தாழ்ந்து இலங்கை இந்தியாவோடு பலமுறை நிலத்தால் இணைந்திருந்ததே, அப்போது இவை கலந்திருக்கலாகாதா என்று வாசகர் கேட்பது நியாயமே. ஆனால் இரு மலைகளுக்கும் இடையே கிடப்பது கடல் மட்டுமன்று. குளிரையும் ஈரத்தையும் நம்பி வாழும் ஒரு சிறு பிராணிக்கு, இடைப்பட்ட வறண்ட சமவெளியைக் கடப்பதும் எளிய காரியமன்று. இவ்விரு மலைநாடுகளின் தவளை முதலிய வேறு பல பிராணிகளும், நிலத்தொடர்பு இருந்தும், தனித்தனி வம்சங்களாகவே நின்றிருக்கின்றன.

ஆகையால் நுவரெலியாவின் மலைக்காடுகள் தேயிலைக்கும் காய்கறித் தோட்டங்களுக்கும் இடங்கொடுத்துச் சுருங்கியது போக எஞ்சியிருக்கும் துண்டுகளே மொண்டானஸின் முழு உலகம். அங்கே அது அற்றுப்போனால், நீலகிரியிலிருந்து கொண்டுவந்து ஈடுசெய்ய முடியாது.