பளபளப்பைப் பார்க்காதீர்கள், தையலைப் பாருங்கள்!

உழைக்கும் தோல் பூட்ஸ் வாங்குவது எப்படி? அணிவது எப்படி?

விடியற்காலையில் வாலாஜாபாத் சாலை ஓரம் நின்று பாருங்கள். ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் கம்பெனி பஸ்கள் வரும். இளைஞர்கள் ஏறுவார்கள். பெண்களும் ஏறுவார்கள். அவர்களில் பலருடைய தாத்தா, பாலாற்றங்கரை வயலிலே வெறுங்காலோடு நடந்தவர். பேரன் காலில் கனமான பூட்ஸ்!

வெறுங்காலுக்கு வறுமை மட்டுமே காரணம் அல்ல. செருப்புப் போட்டு இந்தத் தெருவில் நடக்காதே என்று தடுக்கப்பட்டவர்களும் தமிழ்நாட்டில் இருந்தார்கள். தாழ்த்தப்பட்ட மக்கள் பொது இடத்தில் செருப்பு அணிவதைத் தடுப்பது குற்றம் என்று, 2015-ல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தெளிவாகவே சொல்கிறது. ஆகவே, காலில் போடுவது வெறும் அலங்காரம் அல்ல. அது மானம். அது பாதுகாப்பு. மாதச் சம்பளத்தில் ஒரு பங்கும் கூட!

நெல்லைக் கையில் அள்ளினால் ரகம் சொல்லும் குடும்பம். பட்டை விரலால் தடவினால் தரம் சொல்லும் ஊர். ஆனால், பூட்ஸைக் கையில் எடுத்தால் விழிக்கிறார்கள். பளபளப்பைப் பார்த்துப் பணத்தைக் கொடுக்கிறார்கள். சில மாதத்தில் பூட்ஸ் வாயைப் பிளக்கிறது!

எப்படிப் பார்த்து வாங்குவது?

பட்டையும் கடுக்காயும்

பாலாறு வாலாஜாபாத்துக்கு வருவதற்கு முன், வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் வருகிறது. அவை தோலுக்குப் பெயர் போன ஊர்கள்.

பச்சைத் தோல் அப்படியே விட்டால் அழுகும். அழுகாமல் காப்பதுதான் பதனிடுதல். நம் நாட்டார் இதற்கு ஆவாரம் பட்டையையும் கடுக்காயையும் பயன்படுத்தினார்கள். வாயில் போட்டால் துவர்க்கிறதே, அந்தத் துவர்ப்புச் சத்துதான் தோலை இறுக்கிக் காக்கிறது.

பிறகு, குரோமிய உப்பால் பதனிடும் முறை மேல் நாட்டில் இருந்து வந்தது. 1903-ல் சென்னை கலைத்தொழில் பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் என்பவர் அதைச் செய்து பார்த்தார். எதற்குத் தெரியுமா? கவலை ஏற்றத்தில் தண்ணீர் இறைக்கிற தோல் பைகளுக்கும் அது பயன்பட்டது! நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து உழைக்கும் தோல் அல்லவா தேவைப்பட்டது!

பூட்ஸின் மேல்பாகம் பெரும்பாலும் குரோமியத்தில் பதனிட்டது. அது மென்மையானது. ஈரம் தாங்கும். பட்டையில் பதனிட்ட தோல் விறைப்பானது. அது அடித்தோலுக்கும் உள்தோலுக்கும் ஏற்றது.

அசல் எது?

மாட்டுத் தோல் தடிமனானது. அதை இயந்திரத்தில் கொடுத்து இரண்டாகப் பிளப்பார்கள். மயிர்க்கால் இருந்த மேல் அடுக்குதான் பலமானது. கீழ் அடுக்கு பலம் குறைந்தது. அதன் மேல் சாயமும் பிளாஸ்டிக்கும் பூசினால், அதுவும் ஜம்மென்று மின்னும்! இரண்டும் தோல்தான். ஆகவே, 'அசல் தோல்' என்ற சீட்டை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

மூன்று சோதனைகள் இருக்கின்றன. கடையிலேயே செய்யலாம்.

முதலில், கட்டை விரலால் அழுத்துங்கள். நல்ல தோலில் மெல்லிய சுருக்கங்கள் விழும். விரலை எடுத்தால் மறையும். பிளாஸ்டிக் பூச்சு, குழி விழுந்து எழும்பும்.

இரண்டாவது, புள்ளிகளைக் கவனியுங்கள். மயிர்க்கால் புள்ளிகள் ஓர் இடத்தில் நெருக்கமாகவும், ஓர் இடத்தில் விலகியும் இருக்கும். கோலப் புள்ளி போல ஒரே அளவில் இருந்தால், அது அச்சு வேலை!

மூன்றாவது, வெட்டிய ஓரத்தையும் நாக்கின் உள்பக்கத்தையும் பாருங்கள். தோல் என்றால் நார் நாராக இருக்கும். துணி நெசவு தெரிந்தால், அது ரெக்சின்.

உயிர் அடியில் இருக்கிறது

பூட்ஸைத் திருப்பிப் பிடியுங்கள். மேல்பாகத்தோடு சோல் எப்படிச் சேர்ந்திருக்கிறது? பசையால் ஒட்டியதா? நூலால் தைத்ததா?

ஒட்டியது இலேசாக இருக்கும். விலையும் குறைவு. பசை விட்டால் கதை முடிந்தது. சுற்றிலும் ஒரு தோல் பட்டை வைத்துத் தைத்த பூட்ஸ் இருக்கிறதே, அதன் சோல் தேய்ந்தால் பிரித்து எடுத்துவிட்டு வேறு சோல் தைக்கலாம். சில பூட்ஸில் அழகுக்காகத் தையல் மாதிரி கோடு போட்டிருப்பார்கள். நூல் உள்ளே போகிறதா என்று பாருங்கள்.

பிறகு, பூட்ஸை முன்னும் பின்னும் பிடித்து வளையுங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில்தான் அது மடங்க வேண்டும். நடுவில் மடங்கினால் வேண்டாம். குதிப் பகுதியை அமுக்குங்கள். விறைப்பாக இருக்க வேண்டும். கையை உள்ளே விட்டுத் தடவுங்கள். ஆணியோ, நூல் முடிச்சோ தட்டுப்பட்டால் அது உங்கள் காலைக் கடிக்கும்!

நம் கால் அகலமான கால்

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கடையில் உள்ள 7, 8 என்ற எண்கள் இங்கிலாந்து அளவு. ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்குதான் வித்தியாசம். அதுவும் நீளத்துக்குச் சொன்ன கணக்கு. அகலம்?

சென்னை அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1948-ல் தொடங்கியது. அந்த நிலையம் நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் காலை அளந்தது. 2024-ல் முடிவு வெளிவந்தது. மேல் நாட்டார் காலை விட இந்தியர் கால் அகலமானது என்று தெரிந்தது!

அகலம் பற்றவில்லை என்று நாம் என்ன செய்கிறோம்? ஓர் எண் பெரிதாக வாங்குகிறோம். நீளம் கூடிவிடுகிறது. குதி உள்ளே வழுக்குகிறது. கொப்புளம் போடுகிறது. குற்றம் காலின் மேல் அல்ல!

இதற்கு எளிய வழி உண்டு. தரையில் காகிதம் விரித்து, அதன் மேல் எழுந்து நின்று, காலைச் சுற்றிப் பென்சிலால் கோடு போடுங்கள். படத்தைக் கடைக்குக் கொண்டு போங்கள். பூட்ஸின் அடி படத்தை விடக் குறுகலாக இருந்தால் வாங்காதீர்கள்.

மாலையில் வாங்கப் போங்கள். நாள் முழுவதும் நின்ற கால் சற்று வீங்கியிருக்கும். வேலைக்குப் போடும் அதே சாக்ஸைப் போட்டுக்கொண்டு, இரண்டு காலிலும் மாட்டி நடந்து பாருங்கள். ஒரு கால் மற்றதை விடச் சற்றுப் பெரிதாக இருப்பது உண்டு. பெரிய காலுக்கு வாங்குங்கள். நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டை விரல் அகலம் இடம் இருக்கட்டும்.

குழந்தைகளுக்கு, "வளர்கிற பிள்ளை" என்று இரண்டு எண் பெரிதாக வாங்காதீர்கள். பிள்ளை தடுக்கி விழும்.

இரும்பு விரியாது

தொழிற்சாலை பூட்ஸ் என்றால் இன்னும் கவனம் வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரையும், ஐ.எஸ். 15298 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். அதன் இரண்டாம் பகுதிப்படி செய்த பூட்ஸின் முன்மூடி, 200 ஜூல் அடியைத் தாங்க வேண்டும். அதாவது, 20 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்தில் இருந்து விழுந்தாலும் விரல் நசுங்கக் கூடாது.

"போடப் போடச் சரியாகிவிடும்" என்பார்கள். தோல் விரியும். இரும்பு விரியாது! முன்மூடி விரலில் இடித்தால் வேறு பூட்ஸ் கேளுங்கள். பெரிய அடி விழுந்த பூட்ஸை, வெளியே காயம் தெரியாவிட்டாலும், மாற்றிவிட வேண்டும். உள்ளே மூடி நசுங்கியிருக்கலாம்.

போடுவதும் காப்பதும்

புது பூட்ஸோடு முதல் நாளே எட்டு மணி நேரம் நிற்காதீர்கள். ஒரு வாரம், மாலையில் வீட்டுக்குள் ஒரு மணி நேரம் போட்டு நடங்கள். தோல் உங்கள் காலைப் பழகிக்கொள்ளும்.

போடும் முன் தலைகீழாகத் தட்டுங்கள். தேள் இருக்கலாம்! நீரிழிவு உள்ளவர்கள் கையை விட்டும் பார்க்க வேண்டும். கால் மரத்துப்போனவருக்குச் சிறு கல் குத்தினாலும் தெரியாது. புண்ணான பிறகுதான் தெரியும். அவர்கள் இரவில் பாதத்தைப் பார்த்துவிட்டுப் படுப்பது நல்லது.

மழையில் நனைந்தால் வெயிலிலும் அடுப்பு ஓரத்திலும் வைக்காதீர்கள். தோல் வெடிக்கும். பழைய பத்திரிகைத் தாளைக் கசக்கி உள்ளே திணித்து, நிழலில் காற்றாட வையுங்கள். தாள் ஈரமானால் மாற்றுங்கள்.

பாலிஷ் போடும் முன் தூசியைத் துடையுங்கள். மெல்லியதாகத் தடவுங்கள். சற்றுப் பொறுத்துப் பிரஷ் போடுங்கள். பூஞ்சை பூத்தால் உலர்ந்த துணியால் துடைத்துக் காற்றில் வையுங்கள்.

"கல்யாணத்துக்கு ஆகும்" என்று வருஷக்கணக்கில் பெட்டியில் பூட்டாதீர்கள். பாலியூரித்தேன் என்ற பொருளில் செய்த சோல், போடாமல் வைத்திருந்தாலும் ஈரக்காற்றில் கெட்டுப் பொடிப்பொடியாக உதிரும்!

கணக்குப் பாருங்கள்

உதாரணத்துக்கு, 600 ரூபாய் பூட்ஸ் ஆறு மாதம் உழைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று வருஷத்தில் 6 ஜோடி. செலவு 3,600 ரூபாய். தைத்த பூட்ஸ் 2,100 ரூபாய். நடுவில் சோல் மாற்ற 500 ரூபாய். மூன்று வருஷத்துக்கு 2,600 ரூபாய்தான். மிச்சம் 1,000 ரூபாய்! அந்த 500 ரூபாயும் சாலை ஓரத்தில் ஊசியோடு உட்கார்ந்திருக்கும் தொழிலாளியின் வீட்டில் உலை ஏற்றும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. தோல் பதனிட ஏராளமான தண்ணீர் வேண்டும். உப்பும் குரோமியமும் கலந்த கழிவு நீர் வெளியே வரும். அது பாலாற்றுப் பகுதியின் நிலத்தையும் கிணற்றையும் கெடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டு 28-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு முக்கியமான தீர்ப்பு அளித்தது. கெடுத்தவரே நஷ்டஈடு தர வேண்டும், கழிவைச் சுத்தம் செய்தே விட வேண்டும் என்று சொன்னது. ஆறு ஜோடிக்குப் பதில் ஒரு ஜோடி என்றால், பதனிடும் தோலும் குறைகிறது. ஆற்றின் சுமையும் குறைகிறது.

அடுத்த முறை கடைக்குப் போகும்போது, பென்சில் கோடு போட்ட அந்தக் காகிதத்தை மறக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பூட்ஸைத் திருப்பிப் பாருங்கள். தையலைப் பாருங்கள். பிறகு விலையைக் கேளுங்கள்!