கோபுரமும் கல்லும் இல்லாமல் ஒரு தேவாலயம்

கட்டடக்கலை என்றால் கருங்கல், சிமெண்டு, வானுயர்ந்த கோபுரம் என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். "கல் கூடாது, கோபுரம் கூடாது, ஆனால் ஆயிரக்கணக்கானோருக்கு இடம் வேண்டும்" என்று சொன்னால் எப்படிக் கட்டுவது? இதற்கு விடையாக ஸ்லோவாக்கியா நாட்டில் ஸ்வாடி கிரீஷ் என்ற சிற்றூரில் நிற்கும் புராட்டஸ்டண்ட் தேவாலயத்தைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

சட்டம் போட்ட எல்லை

1517ல் மார்ட்டின் லூத்தர் ஜெர்மனியில் தொடங்கிய சமயச் சீர்திருத்தம், அன்றைய ஹங்கேரி அரசுக்கும் பரவியது. இன்றைய ஸ்லோவாக்கியா அப்போது அந்த அரசின் ஒரு பகுதி. அதை ஆண்ட ஹாப்ஸ்பர்க் மன்னர்களோ கத்தோலிக்கர்கள். புராட்டஸ்டண்ட் மக்களின் ஆலயங்கள் பல பறிக்கப்பட்டன. கலகங்கள் வெடித்தன.

1681ல் ஷோப்ரோன் நகரில் கூடிய நாடாளுமன்றம் ஒரு சமரசத்துக்கு வந்தது. குறிப்பிட்ட மாவட்டங்களில் தலா இரண்டு ஆலயங்கள் கட்டிக்கொள்ளலாம் என்று அனுமதி தந்தது. ஆனால், அவை ஊருக்கு ஒதுக்குப்புறமாக இருக்க வேண்டும், மரத்தால் மட்டுமே கட்ட வேண்டும், கோபுரம் இருக்கக்கூடாது போன்ற நிபந்தனைகளும் சேர்ந்தே வந்தன. சட்டப் பிரிவின் பெயரால் இவற்றை 'ஆர்ட்டிகுலர்' தேவாலயங்கள் என்கிறார்கள். அப்படிக் கட்டப்பட்ட 38ல் இன்று எஞ்சியிருப்பவை 5 மட்டுமே.

தச்சரின் கைவண்ணம்

அந்த ஐந்தில் ஒன்று, பாலுட்ஸா என்ற கிராமத்தில் 1774ல் எழுந்தது. கட்டியவர் யோசெப் லாங் என்ற தச்சர். எழுதப் படிக்கத் தெரியாதவர், வரைபடம் இல்லாமலேயே கட்டினார் என்று அவரைப் பற்றிச் சொல்கிறார்கள். வேலை முடிய எட்டு மாதங்களே ஆயின. நீளம் சுமார் 43 மீட்டர். சுமார் 6,000 பேருக்கு இடமுண்டு.

இதன் அமைப்புதான் என்னை மிகவும் கவர்ந்தது. புராட்டஸ்டண்ட் வழிபாட்டில் பிரசங்கம் முக்கியம். வந்தவர் அனைவருக்கும் போதகரின் குரல் கேட்க வேண்டும். மண்டபத்தை நீளமாக இழுத்துக்கொண்டே போனால் கடைசி வரிசைக்குக் குரல் எட்டாது. சிலுவை வடிவில் கட்டி, உள்ளே மாடங்கள் அமைத்தால் கூட்டம் பக்கவாட்டிலும் மேலேயும் பரவி அமரும். யாரும் பிரசங்க மேடையை விட்டு வெகுதூரம் போகமாட்டார்கள். மரத்தால் செய்த ஒலி அரங்கம் என்றே இதைச் சொல்லலாம்.

வெளியிலிருந்து பார்த்தால் பெரிய தானியக் களஞ்சியம் போலத் தெரியும். உள்ளே நுழைந்தால் காட்சி மாறுகிறது. 17, 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ஓங்கியிருந்த பரோக் பாணி, வளைவும் செதுக்கு வேலையும் நிறைந்தது. பார்ப்பவர் மனத்தை அசைக்க முயல்வது. கத்தோலிக்கப் பேராலயங்களில் புகழ்பெற்ற அந்தப் பாணியையே இந்தக் கிராம மக்களும் பலிபீடத்திலும் பிரசங்க மேடையிலும் கையாண்டார்கள். வெளித்தோற்றத்துக்குத்தான் சட்டம் எல்லை போட்டது. அழகை அவர்கள் உள்ளே வைத்துக்கொண்டார்கள்.

1781ல் இரண்டாம் யோசெப் பேரரசர் சமயச் சகிப்பு ஆணையை வெளியிட்டார். பழைய கட்டுப்பாடுகள் தளர்ந்தன.

தண்ணீரிலிருந்து தப்பிய கதை

இரண்டாவது சோதனை 20ஆம் நூற்றாண்டில் வந்தது. வாஹ் ஆற்றின் குறுக்கே லிப்டோவ்ஸ்கா மாரா அணை கட்டப்பட்டபோது, பாலுட்ஸா நீரில் மூழ்கும் நிலை ஏற்பட்டது. அப்போது நடந்தது சமயத்துக்கு ஆதரவு தராத கம்யூனிஸ்ட் ஆட்சி. ஆயினும் ஆலயம் கைவிடப்படவில்லை. அதைப் பிரித்தெடுத்து, 1974 முதல் 1982 வரை உழைத்து, ஸ்வாடி கிரீஷ் ஊரின் அருகே மீண்டும் எழுப்பினார்கள். எட்டு மாதங்களில் கட்டியதை இடம் மாற்ற எட்டு ஆண்டுகள்!

கல்லால் கட்டியிருந்தால் இப்படிப் பிரித்து எடுத்துச் செல்வது இன்னும் கடினமாக இருந்திருக்கும். ஒரு சமூகத்தைச் சிறுமைப்படுத்த விதித்த நிபந்தனை, ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் கழித்து அந்த ஆலயத்தைக் காப்பாற்ற உதவியிருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

பழைய கட்டடத்தைப் பார்க்கும்போது "யார் கட்டியது, எப்போது கட்டியது?" என்று கேட்கிறோம். "எதையெல்லாம் கட்டக்கூடாது என்று இவர்களிடம் சொன்னார்கள்?" என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்டுப் பாருங்கள். வரலாற்றுப் பாடத்தில் இல்லாத பல செய்திகளை அந்தச் சுவர்களே சொல்லும்.