கம்பி அறுந்த பிறகு – 6: மறுமுனையில் யார்?

வாக்கி டாக்கி விற்கும் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் ஒரு தூரம் அச்சிட்டிருக்கும். 10 கிலோமீட்டர் என்பார்கள், 15 என்பார்கள். புயல் எச்சரிக்கை வந்ததும் குடியிருப்போர் சங்கங்களும் கல்லூரிகளும் மருத்துவமனைகளும் அந்த எண்ணைப் பார்த்துத்தான் செட் வாங்குகின்றன. வாங்கிய செட் வளாகத்துக்குள் கணீரென்று பேசும். கரண்ட் போய், செல்பேசிக் கோபுரங்களின் பேட்டரியும் தீர்ந்து, செங்கல்பட்டுக்கு ஒரே ஒரு செய்தி சொல்லியாக வேண்டிய இரவில் பேசாது. அதற்குச் செட்டைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. தொலைதூர அவசரத் தொடர்புக்கு வயர்லெஸ் தேர்ந்தெடுக்கும் வேலை கடையில் தொடங்குவதில்லை. மறுமுனையில் யார் கேட்டுக்கொண்டிருப்பார், அவருக்கும் நமக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்த பிறகுதான் எந்தச் செட் என்ற கேள்விக்கே பொருள் வரும். சென்ற வாரம் செல்பேசி வலைப்பின்னல் விழும் விதத்தைப் பார்த்தோம். இந்த வாரம் சென்னைக்குத் தெற்கே செங்கல்பட்டு மாவட்டத்திலுள்ள பொத்தேரியை நடுவில் வைத்து இந்த இரண்டு கேள்விகளுக்கும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

பொத்தேரியை எடுத்துக்கொள்ளக் காரணம் இருக்கிறது. பல்லாயிரம் மாணவர்களும் ஒரு பெரிய மருத்துவமனையும் இருக்கும் ஊர். ஜிஎஸ்டி சாலையும் ரயில் பாதையும் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன. வடக்கே ஆதனூர் ஏரிப் பக்கம் அடையாறு பிறக்கிறது. அந்த அடையாறுதான் 2015 டிசம்பர் முதல் வாரத்தில் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தது. தென்கிழக்கே நேர்கோட்டில் ஏறத்தாழ 28 கிலோமீட்டரில் மாமல்லபுரம். 2022 டிசம்பர் 9 நள்ளிரவையொட்டி மாண்டஸ் புயல் கரையைக் கடந்தது அங்கேதான். அதற்குச் சற்றுத் தெற்கே கல்பாக்கம் அணுமின் நிலையம். 2015 வெள்ளத்திலும், 2016 டிசம்பர் 12 வர்தா புயலிலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையிலும் இந்த வட்டாரத்து மக்கள் கையில் செல்பேசி இருந்தும் பேச முடியாமல் தவித்தார்கள். மின்சாரம் நின்றால் கோபுரத்துக்குச் சில மணி நேரப் பேட்டரியும், டீசல் இருக்கும் வரை ஜெனரேட்டரும்தான். சாலையோரம் புதைத்த கண்ணாடியிழைக் கம்பி அறுந்தால் அந்த டீசலும் உதவாது. இப்படிப்பட்ட ஊருக்குச் சொந்தமாக ஒரு தொடர்பு வழி வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. எந்த வழி என்பதில்தான் பணமும் உழைப்பும் வீணாகின்றன.

கடையில் கிடைக்கும் கைச் செட்டுகள் பெரும்பாலும் விஎச்எஃப் அல்லது யுஎச்எஃப் அலையில் பேசுபவை. இந்த அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் போகும், பூமியோ வளைந்தது. ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் அலை எட்டும் அடிவானம் கிலோமீட்டரில் வந்துவிடும். நின்றபடி வாய்க்கு நேரே பிடிக்கும் செட் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதற்கு 5 கிலோமீட்டர், எதிரில் இருப்பவருக்கும் 5 கிலோமீட்டர், ஆக 10. பெட்டியில் அச்சிட்ட எண் இப்படித்தான் வருகிறது. பொய் என்று சொல்ல முடியாது, ஆனால் நடுவில் ஒரு மரமோ வீடோ இல்லாத வெட்டவெளிக்குத்தான் அது பொருந்தும். அடுக்குமாடிகள் நிறைந்த கூடுவாஞ்சேரியில் இரண்டு மூன்று கிலோமீட்டர் கிடைத்தாலே பெரிது. 5 வாட் செட்டுக்குப் பதில் 10 வாட் செட் வாங்கினால் தூரம் இருமடங்காகும் என்று நம்புவோர் உண்டு. வாட்டைக் கூட்டினால் அடிவானம் ஒரு மீட்டர்கூட நகராது. உயரத்தைக் கூட்டினால் நகரும். பொத்தேரியில் ஒரு பத்து மாடிக் கட்டடத்தின் மேல், 30 மீட்டரில் ஆன்டெனா வைத்தால் அதன் அடிவானம் 22 கிலோமீட்டரைத் தாண்டும். மாமல்லபுரத்தில் பத்து மீட்டர்க் கம்பத்தில் இன்னொன்று நின்றால் அதற்கு 13. இரண்டையும் கூட்டினால் 35, நமக்கு வேண்டியதோ 28. நடுவிலுள்ள சிறு குன்றுகளையும் காப்புக்காட்டையும் கருதிக் கொஞ்சம் குறைத்துக்கொண்டாலும் கைக்கு எட்டும் தூரம்தான்.

இதே கணக்கைத் திருக்கழுக்குன்றத்துக்குப் போட்டுப் பார்த்தால் மனம் துள்ளும். வேதகிரி மலை ஏறத்தாழ 500 அடி. கோயில் மலையில் கம்பம் நட வேண்டும் என்று சொல்லவில்லை. அந்த உயரமுள்ள குன்று ஒன்றின் அடிவானம் 50 கிலோமீட்டர் என்பதைக் காட்டவே சொல்கிறேன். பொத்தேரி, செங்கல்பட்டு, மாமல்லபுரம், கல்பாக்கம், பாலாற்று முகத்துவாரம் எல்லாமே அதற்குள் அடங்கிவிடும். அப்படிப்பட்ட ஓர் உயரத்தில், கேட்டதை உடனே திரும்ப ஒலிபரப்பும் ரிப்பீட்டர் ஒன்று இருந்தால், கடற்கரைக் குப்பத்தில் வீட்டு மாடியில் நின்று பேசும் 5 வாட் கைச் செட்டின் குரல் மாவட்டம் முழுவதும் கேட்கும். ஆனால் ரிப்பீட்டர் இருக்கிறது என்று அதை மட்டும் நம்பக்கூடாது. அதற்கும் பேட்டரி உண்டு, சூறைக்காற்று அதன் ஆன்டெனாவையும் சாய்க்கும். அது விழுந்தால் நேருக்கு நேர் எந்த அலைவரிசையில் பேசுவது என்பதை முன்பே தீர்மானித்து, செட்டின் முதுகில் ஒட்டி வைத்திருக்க வேண்டும். கட்டடத்தின் உச்சியில் ஆன்டெனா, கீழ்த்தளத்தில் செட் என்று அமைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆர்ஜி-58 என்ற மெல்லிய கேபிளில் 30 மீட்டர் இழுத்தால், செட் தரும் 50 வாட்டில் 12, 13 வாட்தான் ஆன்டெனாவுக்குப் போய்ச் சேரும், மீதி கேபிளிலேயே சூடாகி வீணாகும். தடித்த ஆர்ஜி-213 கேபிளில் பாதிக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தேறும். விலை உயர்ந்த செட்டை வாங்கிவிட்டுக் கேபிளில் மிச்சம் பிடிப்பவர் அந்தச் செட்டின் முக்கால் பங்கைத் தூக்கி எறிகிறார். மாமல்லபுரம் பக்கமானால் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும். இணைப்பு முனைகளை நீர்புகா நாடாவால் இறுக்கிச் சுற்றாவிட்டால் ஒரே மழைக்காலத்தில் பச்சை பூத்துவிடும்.

மாவட்டத்துக்குள் இது போதும். சென்னையும் செங்கல்பட்டும் சேர்ந்தே மூழ்கியிருக்கும்போது திருச்சிக்கோ மதுரைக்கோ சொல்லி ஆள் அனுப்பச் சொல்ல வேண்டுமானால் என்ன செய்வது? திருச்சி ஏறத்தாழ 270 கிலோமீட்டர், மதுரை 380. எந்தக் குன்றும் அவ்வளவு தூரம் காட்டாது. இங்கேதான் சிற்றலை வேண்டும். இலங்கை வானொலியைச் சிற்றலையில் கேட்ட தலைமுறைக்கு அதன் வலிமை தெரியும். தரையிலிருந்து சுமார் 300 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் அயனி மண்டலம் இந்த அலைகளைத் திருப்பி அனுப்புகிறது. மாநிலத்துக்குள் பேசுவதற்கு அலையை ஏறக்குறைய நேர்மேலே அனுப்பினால் போதும், அது குடைபோல் விரிந்து இறங்கி நானூறு கிலோமீட்டர்ச் சுற்றுவட்டாரத்தை நனைக்கும். அதற்குக் கோபுரமே வேண்டாம். 7 மெகாஹெர்ட்ஸுக்கு மொத்தம் 20 மீட்டர் செம்புக் கம்பியை நடுவில் வெட்டிக் கேபிள் இணைத்து, 6, 7 மீட்டர் உயரத்தில் இரண்டு தென்னைகளுக்கு இடையே கட்டினால் ஆயிற்று. விஎச்எஃப்புக்கு ஏற ஏற நல்லது, இதற்கோ தாழ்வாக இருப்பதே நல்லது. புயலில் அறுந்து விழுந்தாலும் அரை மணி நேரத்தில் திரும்பக் கட்டிவிடலாம், தாழ இருப்பதில் இந்த ஆதாயமும் உண்டு. பகலிலும் முன்னிரவிலும் 7 மெகாஹெர்ட்ஸ் கைகொடுக்கும். பின்னிரவில் அலைகள் திரும்பாமல் விண்வெளிக்கு ஓடத் தொடங்கினால் 3.5 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்க வேண்டும், அதற்குக் கம்பி இரட்டிப்பு நீளம். மின்சாரத்துக்கு வீட்டு இன்வெர்ட்டரின் 150 ஆம்பியர்-மணி பேட்டரியே போதும். 100 வாட் செட் ஒன்று கேட்கும்போது 1 ஆம்பியர், பேசும்போது உச்சமாக 20 ஆம்பியர் இழுக்கும். பத்தில் ஒரு பங்கு நேரம் பேசி, மீதி நேரம் கேட்டுக்கொண்டிருந்தால் பேட்டரியில் பாதி தீர ஒரு நாளுக்கு மேல் ஆகும். வாட்டைக் குறைத்துப் பேசினால் இன்னும் நீளும்.

இது ஏட்டுக் கணக்கு இல்லை என்பதற்கு 2004 சான்று. அந்த டிசம்பரில் ஹைதராபாத்தின் தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தின் சார்பில் பாரதி பிரசாத் தலைமையில் ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலியாளர்களின் குழு ஒன்று போர்ட் பிளேருக்குப் போயிருந்தது. அந்தமானிலிருந்து உலகெங்கும் உள்ள ஹாம்களோடு பேசுவதே பயணத்தின் நோக்கம். 26-ஆம் தேதி காலை நிலம் நடுங்கி, ஆழிப்பேரலை தீவுகளைத் தாக்கி, வழக்கமான தொடர்புகள் அறுந்தபோது, விளையாட்டாகக் கொண்டுபோன அந்தச் செட்டுகள் நாட்டின் தலைநிலத்துக்குச் செய்தி சொல்லும் வழியாயின. சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் நடுவே 1,300 கிலோமீட்டருக்கும் மேல் கடல். குழுவினர் கார் நிக்கோபாருக்கும் செட்டோடு போனார்கள். இந்த நிகழ்ச்சியைச் சொல்பவர்கள் செட்டையும் குழுவின் துணிவையும் மெச்சுகிறார்கள், மெச்சத்தக்கவைதான். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. போர்ட் பிளேரிலிருந்து அழைப்பு எழுந்த நேரத்தில் தலைநிலத்தில் அதே அலைவரிசையில் காதைத் தீட்டிக்கொண்டு ஆட்கள் இருந்தார்கள். பல நாட்களாகவே அந்தமான் நிலையத்தைக் கேட்க ஹாம்கள் காத்திருந்ததால்தான் அது நடந்தது. அன்று காலைதான் பெட்டியைப் பிரித்துச் செட்டை எடுத்திருந்தால், யாரை எங்கே அழைப்பது?

மறுமுனை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் காட்டியது. குமரி மாவட்டத்து மீனவர்கள் கரையிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, நாள்கணக்கில் தங்கித் தொழில் செய்பவர்கள். படகுகளில் விஎச்எஃப் இருந்தது. ஆனால் கரையில் 30 மீட்டர்க் கோபுரம் நின்றாலும், படகில் நாலு மீட்டரில் ஆன்டெனா இருந்தாலும் எட்டுவது சுமார் 30 கிலோமீட்டர். அதற்கு அப்பால் அந்தச் செட் பக்கத்துப் படகோடு பேச மட்டுமே உதவும். எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை, ஏராளமான உயிர்கள் போயின. அதன் பிறகு செயற்கைக்கோள் வழிக் கருவிகள் பற்றிய பேச்சு வலுத்தது. இஸ்ரோவின் தொழில்நுட்பத்தில் ஒரு லட்சம் படகுகளுக்கு 364 கோடி ரூபாயில் டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. செங்கல்பட்டு மாவட்டத்தில் கரையோடு தொழில் செய்யும் கோவளம், தேவனேரி, கொக்கிலமேடு ஃபைபர் படகுகளுக்குக் கடல்சார் விஎச்எஃப்பே ஏற்றது. அவசர அழைப்புக்கான 16-ஆம் சேனலை அண்டையில் போகும் கப்பலும் கேட்கும், கடலோரக் காவல் படையும் கேட்கும். ஆழ்கடலுக்குப் போகும் விசைப்படகுக்கு அது போதாது. ஒரே தொழில், ஒரே கடல், ஆனாலும் போகும் தூரம் வேறானால் செட்டும் வேறாக வேண்டும்.

இவ்வளவு பாடு எதற்கு, சாட்டிலைட் போன் ஒன்று வாங்கிவிட்டால் ஆகாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நம் நாட்டில் துராயா, இரிடியம் கருவிகளைத் தனியார் வைத்திருக்கக் கூடாது. பிஎஸ்என்எல் வழியாக இன்மார்சாட் சேவையை அனுமதியோடு பெறலாம். ஆட்சியர் அலுவலகத்துக்கும் பெரிய மருத்துவமனைக்கும் அது அவசியம் வேண்டும், ஆனால் ஒவ்வொரு குப்பத்துக்கும் வாங்க முடிகிற விலையில் அது இல்லை. போன் என்பதால் ஒரு நேரத்தில் ஒருவரோடுதான் பேசும். வயர்லெஸில் ஒருவர் சொல்வதை அந்த அலைவரிசையில் இருக்கும் அத்தனை பேரும் ஒரே சமயத்தில் கேட்கிறார்கள். படகு எங்கே இருக்கிறது, எந்தப் பாலம் உடைந்தது என்பதைப் பத்து ஊர்களுக்குத் தனித்தனியே சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. செல்பேசிக்கு வரும் அரசின் எச்சரிக்கைச் செய்தியும் நல்லதுதான். அது ஒருவழி, கோபுரம் நிற்கும் வரைக்கும்தான்.

உரிமம் பற்றிய தயக்கம் இதைவிடக் கனமானது. 446 மெகாஹெர்ட்ஸில் அரை வாட் கைச் செட்டுக்கும், 27 மெகாஹெர்ட்ஸில் 5 வாட் செட்டுக்கும் உரிமம் தேவையில்லை. முகாமுக்குள்ளும் தெருவுக்குள்ளும் பேச அவை உதவும், மாவட்டம் தாண்ட அவற்றை நம்ப முடியாது. மற்ற செட்டுகளை இணையக் கடைகளில் விசாரணையின்றி விற்றதால்தான் 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வாக்கி டாக்கி விற்பனைக்கு நெறிமுறை வகுத்தது. அதைக் கெடுபிடி என்று சொல்ல மாட்டேன். மீட்புப் பணியில் இருக்கும் காவல் துறையின் அலைவரிசையில் உரிமமில்லாத செட் ஒன்று குறுக்கிட்டால் போவது யாரோ ஒருவரின் உயிர். ஹாம் உரிமத்துக்கு 12 வயது நிரம்பியிருந்தால் போதும், தொடக்க நிலைத் தேர்வில் மோர்ஸ் கிடையாது. வழக்கமான தொடர்பு அறுந்த இயற்கைப் பேரிடரில் பிறருக்காகச் செய்தி அனுப்ப விதி இடம் தருகிறது. தேர்வுக்குப் படிப்பவர் செட்டை இயக்கவும் கம்பியை அளந்து வெட்டவும் சேர்த்தே கற்றுக்கொள்கிறார், அந்தப் பயிற்சி செட்டின் விலையில் அடங்காதது. பொத்தேரிக்கு இது எட்டாத வேலையும் இல்லை. இங்குள்ள எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழக மாணவர்கள் உருவாக்கிய எஸ்ஆர்எம்சாட் என்ற சிறு செயற்கைக்கோள் 2011 அக்டோபர் 12-இல் பிஎஸ்எல்வி சி-18 ராக்கெட்டில் விண்ணுக்குப் போனது. அதைச் செய்யத் தெரிந்த ஊரில் உரிமம் பெற்ற இருபது பேரை உருவாக்க முடியாதா?

வடகிழக்குப் பருவமழையில் இடி மின்னல் இரைச்சல் சிற்றலையில் காதைப் பிளக்கும் என்பதும் உண்மை. குரல் எடுபடாத நேரங்கள் வரத்தான் செய்யும். எழுத்தாகச் சுருக்கிய செய்தியை மோர்ஸிலோ மடிக்கணினி வழியாகவோ அனுப்பினால் அந்த இரைச்சலுக்கு நடுவிலும் போய்ச் சேரும், அதற்கும் மறுமுனையில் பழகிய ஆள் வேண்டும்.

ஆகவே கையில் ஒரு தொகை இருந்தால், முதலில் நான்கைந்து பேரின் உரிமத்துக்கும் பயிற்சிக்கும் ஒதுக்கலாம். அடுத்து ஆன்டெனா, நல்ல கேபிள், பேட்டரி. மிச்சத்தில் ஒரு சிற்றலைச் செட், மாடிக்கு ஒரு விஎச்எஃப் செட், அதற்கும் மிஞ்சினால் கைச் செட்டுகள். பழைய செட்டானாலும் பரவாயில்லை. வாரம் ஒருமுறை, சொல்லிவைத்த நேரத்தில் பொத்தேரி, செங்கல்பட்டு, மாமல்லபுரம், கல்பாக்கம் நான்கும் பேர் சொல்லி ஒன்றையொன்று அழைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். எந்த ஆன்டெனாவில் தண்ணீர் புகுந்தது, எந்தப் பேட்டரி இறங்கியது என்பதெல்லாம் அப்படித்தான் தெரியவரும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077 என்ற தொலைபேசி எண் இருக்கிறது. தொலைபேசி இல்லாத நாளுக்கு, எந்த அலைவரிசையில், எந்த நேரங்களில் அங்கே ஆள் உட்கார்ந்திருப்பார் என்பதை ஒவ்வோர் ஆண்டும் அக்டோபருக்கு முன் அறிவிக்க வேண்டும்.

(தொடரும்)