சிருஷ்டி வாதமும் விஞ்ஞான பரீட்சையும்

மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து தென்மேற்கே சென்றால் நெய்வேலிச் சுரங்கம். வடக்கே சென்றால் திருவக்கரைக் கல்மரங்கள். ஓரிடத்தில் பண்டைக் காட்டின் தாவரங்கள் பழுப்பு நிலக்கரியாய்க் கிடக்கின்றன. மற்றோரிடத்தில் சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முந்திய மரங்கள் கல்லாய்ச் சமைந்திருக்கின்றன. பூமியின் பழமைக்கு இவ்வட்டாரத்தாருக்கு வேறு சாட்சியம் வேண்டுவதில்லை. ஆயினும், ஜீவராசிகளின் வரலாறு பற்றிய ஒரு விவாதம் நம் தேசத்தில் அவ்வப்போது தலைதூக்குகிறது.

2018 ஜனவரியில், மத்திய மனிதவள மேம்பாட்டு இலாகாவின் ராஜாங்க மந்திரியாயிருந்த ஸ்ரீ சத்யபால் சிங், டார்வின் கொள்கை விஞ்ஞானரீதியில் தவறானது என்றும், குரங்கு மனிதனானதை நம் முன்னோர் எவரும் கண்டதாகக் கூறவில்லை என்றும் பேசினார். தேசத்தின் மூன்று விஞ்ஞான அகாடமிகளும் கூட்டாக அதை மறுத்தன. 2022-ல், பாடச்சுமையைக் குறைப்பதாகக் கூறி, என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து பரிணாமப் பகுதியை நீக்கிற்று. மறு ஆண்டு 1,800-க்கு மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் அதை ஆட்சேபித்துக் கையொப்பமிட்டனர்.

அறிவுள்ள ஒரு சக்தியின் திட்டப்படியே உயிர்கள் அமைந்தன என்னும் கொள்கையை விஞ்ஞான ஆராய்ச்சியாக நடத்தலாகாதா என்று சிலர் கேட்கின்றனர். நியாயமான கேள்விதான். எக்கேள்வியையும் கேட்க எவருக்கும் உரிமையுண்டு. ஆனால் விஞ்ஞான சபையில் நுழைவோர் ஒரு பரீட்சைக்கு உட்பட்டே தீரவேண்டும்: எது கண்டுபிடிக்கப்பட்டால் தம் கொள்கை பொய்யாகும் என்பதை முன்கூட்டியே சொல்லவேண்டும்.

அமெரிக்கப் பேராசிரியர் மைக்கேல் பீஹி 1996-ல் ஒரு வாதத்தை முன்வைத்தார். பாக்டீரியாவை நீந்தச் செய்யும் வாலில் ஓர் உறுப்பை நீக்கினாலும் அது இயங்காது. ஆகவே அது படிப்படியாக உண்டாகியிருக்க முடியாது என்பது அவ்வாதம். ஆனால் அவ்வாலின் அடிப்பாகத்தை ஒத்த அமைப்பே வேறு பாக்டீரியாக்களுக்கு நஞ்சு செலுத்தும் ஊசியாகப் பயன்படுகிறது. இக்கொள்கை விஞ்ஞானமன்று என்று 2005-ல் பென்சில்வேனியாவில் ஒரு பெடரல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிமன்றத்தைக் காட்டிலும் பாறைகளின் தீர்ப்பே நமக்குப் பெரிது.

நம் நாட்டுப் பாறையே அத்தகைய தீர்ப்பொன்றை அளித்திருக்கிறது. திமிங்கிலம் நிலத்துக் குளம்புப் பிராணிகளின் வழிவந்தது என்று பரிணாமக் கொள்கை கூறிற்று. அப்படியாயின் இடைப்பட்ட உருவங்கள் கிடைக்கவேண்டும். ஸ்ரீ ஏ. ரங்கராவ் என்ற இந்தியப் புவியியலார் ஜம்மு-காஷ்மீரத்தின் காலாகோட் பகுதியில் சேகரித்த பாறைகளில், பூனையளவுள்ள ஒரு குளம்புப் பிராணியின் எலும்புகள் இருந்தன. சுமார் 4.8 கோடி ஆண்டுப் பழமையுடைய அதற்கு 'இந்தோஹையஸ்' என்று பெயர். அதன் காதெலும்பு திமிங்கிலத்தின் காதெலும்பைப் போன்றே தடித்திருந்ததை 2007-ல் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். மாறாக, குளம்புப் பிராணிகளே தோன்றாத காலத்துப் பாறையில் திமிங்கிலம் கிடைத்திருந்தால், அக்கொள்கை தகர்ந்திருக்கும். திட்டவாதிகளோ, எது கிடைத்தாலும் அதுவே திட்டம் என்பர். ஒருபோதும் தோற்க முடியாத கொள்கைக்குச் சோதனைச்சாலையில் வேலையில்லை.

இதனால் தெய்வ நம்பிக்கைக்குக் குறைவு நேருமென்று எவரும் அஞ்ச வேண்டுவதில்லை. பக்தி விஞ்ஞானத்திடம் நற்சாட்சிப் பத்திரம் கேட்பதில்லை. நமது கவலை குழந்தைகளைப் பற்றியதே. பத்தாம் வகுப்புடன் உயிரியலை விட்டுவிடும் மாணவன், தன் தேசத்துப் பாறை உலகுக்குச் சொன்ன செய்தியைப் பின்னர் எங்கே கற்பான்? ஆராய்ச்சிக்கு வாயிலைத் திறந்து வையுங்கள். பரீட்சையை மட்டும் தளர்த்தாதீர்கள். பாடத்தைப் பிள்ளைகளுக்குத் திருப்பிக் கொடுங்கள் என்று அதிகாரிகளை வற்புறுத்துகிறோம்.