பந்தைத் துரத்தாதீங்க பாஸ்!

ஐ.பி.எல். தெரியும்... ஆர்.பி.எல். தெரியுமா? 2025 ஜூனில் மும்பை அந்தேரியில் நடந்துச்சே, ரக்பி பிரீமியர் லீக்! அதோட முதல் கோப்பையைத் தட்டிட்டு வந்ததே நம்ம 'சென்னை புல்ஸ்'தாங்க!

அந்த ஜோரில் கேமராவும் கையுமா ரக்பி மேட்ச்சுக்குக் கிளம்புற மக்களே, ஒரு நிமிஷம். பிரஸ் பாஸ் கிடையாது. பீரங்கி சைஸ் லென்ஸும் கிடையாது. இருக்கிறது ஒரு கேலரி டிக்கெட்டும், 200 எம்.எம். லென்ஸும்தான். படம் தேறுமா? தேறும். ஆனா, முதல்ல கொஞ்சம் கணக்கு. (எஞ்சினியரிங் படிக்கிறதுக்கு இதுக்காவது யூஸ் ஆகட்டுமே!)

ரக்பி மைதானம் 100 மீட்டர் நீளம், 70 மீட்டர் அகலம். 70 மீட்டர் தூரத்தில், க்ராப் சென்சார் கேமராவும் 200 எம்.எம். லென்ஸும் பிடிக்கிறது சுமார் 8 மீட்டர் அகலம். ஆளு ஃப்ரேம் உயரத்தில் மூணில் ஒரு பங்குதான். அதனால மொத்த மைதானமும் நமக்கு வேணாம். ஒரு மூலை போதும்!

எந்த மூலை? அதை ரக்பி ரூலே சொல்லிடுது. பந்தைக் கையால முன்னாடி பாஸ் பண்ணக் கூடாது, பின்னாடிதான். அதனால பந்து வெச்சிருக்கிறவர் முன்னால ஓடி வருவார், அவரோட டீம் பின்னால வரும். ட்ரை லைனுக்குப் பின்னால, கார்னர் பக்கமா உட்கார்ந்தா எல்லா முகமும் உங்களைப் பார்த்துதான்! லைனைத் தாண்டிப் பந்தைத் தரையில் வெச்சாத்தான் 5 பாயின்ட். அந்த டைவ் நடக்கப்போற இடம் உங்களுக்கு முன்னாடியே தெரியும். ஹாஃப் டைமில் டீம்கள் பக்கம் மாறிடும், நீங்க மாற வேணாம். செவன்ஸ் மேட்ச்னா பாதிக்கு 7 நிமிஷம்தான். பந்தையே துரத்திட்டிருந்தா முதுகுகள்தான் மிஞ்சும்.

விநாடிக்கு 8 மீட்டர் ஓடுற ஆள் 1/60 விநாடியில் 13 செ.மீ. நகர்ந்துடுவார். படம் கஞ்சி! 1/1000-னா வெறும் 8 மி.மீ. ராத்திரி மேட்ச்சா? ஐ.எஸ்.ஓ.வை 3200-க்கு ஏத்துங்க. படத்தில் புள்ளி விழுந்தா பரவாயில்லை, முகம் கலங்கக் கூடாது. லைன்-அவுட்டில் ஆளைத் தூக்கும்போது உச்சியில் ஒரு நொடி நிற்பார் பாருங்க, அங்கே 1/500 கூடப் போதும். ஃப்ளாஷ்? ஆஃப் பண்ணிடுங்க. வெளிச்சம் அவ்வளவு தூரம் போகவும் போகாது, ப்ளேயர் கண்ணையும் கூச வைக்கும். பெரிய ஸ்டேடியம்னா எந்த சைஸ் லென்ஸுக்கு அனுமதினு டிக்கெட் விதிகளைப் படிச்சிட்டுப் போங்க.

கடைசியா ஒண்ணு. பெரிய லீக்னா படமெடுக்க பிரஸ் இருக்கு. காலேஜ் மேட்ச், கிளப் மேட்ச்சுக்கு யார் வருவா? கேலரியில் உட்கார்ந்து நீங்க எடுக்கிற ஒரு நல்ல ஃபோட்டோதான் அந்தப் ப்ளேயர் வீட்டுச் சுவரில் தொங்கப் போகுது. மேட்ச் முடிஞ்சதும் அவரைத் தேடிப் பிடிச்சு அனுப்பி வைங்க. அடிபட்டுக் கிடக்கிற படமா? டெலீட்!

ரெடியா... ஜூட்!