லண்டன் களிமண்ணின் மேல் நிற்கும் வீடுகள்

லண்டனிலும் தென்கிழக்கு இங்கிலாந்திலும் பழைய வீடு வாங்க முனைவோரை முதலில் தயங்க வைப்பது நிலத்தாழ்வு, அதாவது வீட்டின் பாரத்தால் அன்றி அடிமண்ணே சுருங்கிக் கீழிறங்க, அதனோடு அஸ்திவாரமும் இறங்கிவிடும் நிலையாகும். அங்குள்ள 'லண்டன் களிமண்' ஏறத்தாழ ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்தது. அதில் கலந்துள்ள ஸ்மெக்டைட் வகைக் கனிமங்கள் நீரை ஏற்றுப் பருத்து, நீரை இழந்து சுருங்குகின்றன. நம் கரிசல் நிலம் கோடையில் பாளம்பாளமாக வெடிப்பதும் இவ்வினக் கனிமங்களால்தான்.

விக்டோரியா காலத்து வீடுகள் பலவற்றின் அஸ்திவாரம் ஆழமற்றது என்பதாலும், அருகில் நிற்கும் ஓக், வில்லோ போன்ற மரங்கள் மண்ணின் ஈரத்தை ஆழத்திலிருந்தும் உறிஞ்சிவிடும் என்பதாலும், கடும் வறட்சி வரும்போது அவ்வீடுகளே முதலில் பாதிக்கப்படுகின்றன. வீட்டுக் காப்பீட்டில் நிலத்தாழ்வு 1971இல் சேர்க்கப்பட்டு ஐந்தே ஆண்டுகளில், 1976இன் பெருவறட்சியால் இழப்பீட்டுக் கோரிக்கைகள் வந்து குவிந்தன.

சுவரில் காணும் விரிசல்கள் அனைத்தும் இதன் அறிகுறி அல்ல. ஜன்னல், கதவுகளின் மூலையிலிருந்து சாய்வாக ஓடி, ஒரு முனையில் அகன்று மறுமுனையில் குறுகி, சுவரின் உள்ளும் புறமும் ஒரே இடத்தில் தென்படும் விரிசலே ஐயத்துக்குரியது. பிரிட்டனின் பொறியாளர்கள் பின்பற்றும் வகைப்பாட்டின்படி 5 மில்லிமீட்டர் வரையிலான விரிசல் பெரும்பாலும் தோற்றக்குறையே. 25 மில்லிமீட்டரைக் கடந்தால் கட்டடத்தின் உறுதியே கேள்விக்குள்ளாகிறது. எனினும் அகலத்தைவிட அசைவே முதன்மையானது. கோடை இறுதியில் விரிந்து, குளிர்கால மழையில் மண் ஊறியதும் மூடிக்கொள்ளும் விரிசல், அடிமண் இன்னும் அசைவதைக் காட்டுவதால், நான்கு பருவங்களிலும் எடுத்த அளவுகள் இன்றி ஒரே நாள் பார்வையில் முடிவு சொல்வது பொறுப்பாகாது. புதிதாகப் பூசி வெள்ளையடித்த சுவரோ எதையுமே சொல்வதில்லை.

ஆகவே, முன்பு ஒருமுறை இறங்கிய வீடு என்பதற்காகவே அதை ஒதுக்குவது சரியன்று. காரணம் கண்டறியப்பட்டு, தேவையான இடத்தில் பழைய அஸ்திவாரத்துக்கு அடியில் பகுதி பகுதியாகத் தோண்டிக் கான்கிரீட் இட்டு ஆழப்படுத்தப்பட்டு, அசைவு நின்றதற்குப் பொறியாளரின் அளவுப் பதிவும் இருந்தால், ஆராயப்படாத அண்டைவீட்டைவிட அது நம்பத்தக்கதாக இருக்கலாம். மரத்தை வெட்டிவிட்டால் தீர்ந்தது என்று வாங்குபவர் அவசரப்படுவது பெருந்தவறு: வேர்கள் உறிஞ்சிவந்த நீர் மண்ணிலேயே தங்க, களிமண் ஆண்டுக்கணக்கில் பருத்து வீட்டை மேல்நோக்கித் தள்ளக்கூடும்.

காப்பீடு இல்லாத வீட்டுக்கு வங்கிக் கடன் கிடைப்பது அரிது. இங்கிலாந்தில் ஒப்பந்தப் பத்திரங்களைப் பரிமாறிக்கொண்ட பின் விலகுவது பெருஞ்செலவில் முடியும் என்பதால், இப்போதைய காப்பீட்டு நிறுவனம் புதிய உரிமையாளருக்கும் நிலத்தாழ்வுக் காப்பீட்டைத் தொடருமா, இழப்பில் எவ்வளவு தொகையை அவரே ஏற்க வேண்டும் என்பவற்றை அதற்கு முன்பே எழுத்தில் பெற்றுவிட வேண்டும்.