படுத்த படுக்கையில் இருப்பவரும் சாட்சி சொல்லலாம்

பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. சாலையைக் கடக்கையில் கார் மோதி, தொடை எலும்பில் பிளேட் வைத்துப் படுத்திருக்கும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஊன்றி நடக்கவே மாதக்கணக்காகும். இழப்பீட்டு மனு போட அவருக்குச் சட்டம் தந்திருப்பதோ ஆறே மாதம்.

1994 முதல் இப்படியொரு கெடு இல்லாமல் இருந்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம் அதை மீண்டும் கொண்டுவந்தது. 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. இதை எதிர்த்த வழக்கில், தாமதத்தைக் காட்டி மனுக்களைத் தள்ளுபடி செய்ய வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் சொன்னது. அது இடைக்கால உத்தரவுதான். அதை நம்பி நாளைக் கடத்தாதீர்கள்.

அதே 2022 ஏப்ரல் 1-இல் வந்த இன்னொரு மாற்றத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் போலீஸ் முதல் விபத்து அறிக்கையை மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும்; 90 நாளுக்குள் விரிவான அறிக்கை. காயம்பட்டவரின் உரிமைகளைச் சொல்லும் இரண்டாம் படிவத்தைப் பத்து நாளுக்குள் அவர் கையில் கொடுத்தாக வேண்டும். போலீஸ் அனுப்பும் அறிக்கையையே தீர்ப்பாயம் இழப்பீட்டு மனுவாக எடுத்துக்கொள்ள வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகலையும் ஆஸ்பத்திரியின் ஏ.ஆர். காப்பியையும் (விபத்துப் பதிவேட்டு நகல்) கேட்டு வாங்கும் குடும்பங்கள்கூட இந்த இரண்டாம் படிவத்தைக் கேட்பதில்லை. கேளுங்கள். மோதிய வண்டி எதுவென்றே தெரியாவிட்டாலும், உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் உண்டு.

விசாரணைக்கு வருவோம். விபத்து நடந்த இடம் மட்டுமல்ல, மனுதாரர் குடியிருக்கும் இடத்திலும் மனு போடலாம். ஆனால் காலை மடக்க முடியாதவர் தீர்ப்பாயத்துக்கு எப்படிப் போவார்?

காணொலிச் சாட்சியத்தை உச்ச நீதிமன்றம் 2003-லேயே ஏற்றுவிட்டது. அது ஒரு மருத்துவக் கவனக்குறைவு வழக்கு. இந்தியா வர மறுத்த அமெரிக்க டாக்டரைத் திரையில் விசாரிக்க அனுமதித்தார்கள். கொரோனா வந்த 2020-க்குப் பிறகு காணொலி விசாரணை கீழமை நீதிமன்றங்களிலும் பரவலானது. உச்ச நீதிமன்ற மின்குழுவின் மாதிரி விதிகளில் ஆஸ்பத்திரிக்கென்றே ஓர் ஏற்பாடு இருக்கிறது: சாட்சி அங்கிருந்து பேசினால், மருத்துவக் கண்காணிப்பாளரோ அவர் நியமிப்பவரோ ஒருங்கிணைப்பாளராக உடன் இருப்பார். சாட்சிக்கு யாரும் பதில் எடுத்துக்கொடுக்காமல் பார்த்துக்கொள்வதும் அவர் பொறுப்பு.

இது தானாக வராது. வக்கீல் மனு போட்டுக் கேட்க வேண்டும். ஆபரேஷன் செய்த டாக்டருக்கும் சேர்த்தே கேட்கச் சொல்லுங்கள். ஊனத்தின் அளவைச் சொல்லும் பத்து நிமிடச் சாட்சியத்துக்காக ஒரு நாள் ஓ.பி.யை விட்டு வர முடியாமல் அவர் வாய்தா வாங்கினால், படுத்திருப்பவரின் வழக்கும் அங்கேயே நிற்கும்.